தங்கேஸ்வரியின் கண்கள்

செங்கலடியிலிருந்து வாவிப் பக்கமாக இறங்கும் ரோட்டில், பஸ் நிற்கும் இடத்தில், பூட்டிக் கிடக்கிற பழைய கூட்டுறவுச் சங்கக் கடை ஒன்று உண்டு. அதன் பக்கச் சுவர் நல்ல நீளம். தேர்தல் காலத்தில் போஸ்டர் ஒட்டவும், மற்ற நாட்களில் ஆண்கள் ஒதுங்கவும் என்றே அதைக் கட்டினார்களோ என்று தோன்றும். அந்தச் சுவரில்தான் நல்லரத்தினம் தன் மனைவிக்கு ஓர் இடம் கேட்டுச் சண்டை பிடித்தார்.

நல்லரத்தினம் வாவியில் வலை வீசுகிறவர். ஊரில் ஒருவரோடும் முகம் முறித்துக் கதைக்காத மனிதர். அவருடைய மனைவி தங்கேஸ்வரி, மகள் வதனி சின்னப் பிள்ளையாக இருந்தபோதே குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். முதல் சில வருஷங்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் போன் எடுத்தாள். பிறகு, வேறு வீட்டுக்கு மாறப் போவதாகச் சொன்னாள். அதோடு சரி. பழைய நம்பர் வேலை செய்யவில்லை, புது நம்பர் வரவே இல்லை. ஊர் இரண்டு விதமாகப் பேசியது. ஒன்று, அவள் செத்துவிட்டாள் என்பது. மற்றது வாயால் சொல்லக் கூசுகிற கதை. நல்லரத்தினம் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளாமல், செங்கலடியிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவர் வேலையைத் தொடக்கியவள் பிரஷாந்தி. வந்தாறுமூலைக் கம்பஸில் ஓவியம் படித்து முடித்த இந்த ஊர்ப் பெண். எங்கள் பக்கத்தில் ஒரு சுவர் சும்மா இருந்தால் போதும், யாராவது வந்து எங்கள் வாவியின் பேர்போன பாடும் மீனைப் படமாகக் கீறிவிட்டுப் போவார்கள். அது ஒரு வியாதி. பிரஷாந்தி, மீன் வேண்டாம், ஊர்ச் சனத்தின் முகங்களைக் கீறுவோம் என்றாள். ஊரே திரண்டு குப்பையை அள்ளியது. பெண்கள் போஸ்டர்களைச் சுரண்டினார்கள், மேசன்மார் கூலி வாங்காமல் வந்து பூசிக் கொடுத்தார்கள்.

யார் யாருடைய முகங்கள் என்று முடிவெடுக்கக் கூடியபோது, இடியப்பம் அவித்து விற்கும் இரத்தினம்மா எழும்பினாள். உயிரோடு இருக்கிறவர்களை மட்டும் கீறினால் போதும் என்றாள். இல்லாதவர்களைக் கீறத் தொடங்கினால் இந்தச் சுவர் காணாது, செங்கலடி வரைக்கும் மதில் கட்ட வேண்டி வரும் என்றாள். இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவள் அப்படிச் சொன்னால் யார் மறுத்துப் பேசுவது?

அப்போதுதான் நல்லரத்தினம் முன்னால் வந்து, தங்கேஸ்வரியின் பாஸ்போர்ட் படத்தை மேசையில் வைத்தார். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கீறினால் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று ஊர் ஒத்துக்கொண்டதாக ஆகும். மறுத்தால் ஊரே அவளைச் சாகடித்ததாக ஆகும். பிறகு பார்ப்போம் என்று யாரோ இழுத்தார். அதுவரை அதிர்ந்து பேசாத மனிதர், அவள் செத்ததைக் கண்டவர் யாரென்று கேட்டுச் சத்தம் போட்டார். கடைசியில் இரத்தினம்மாதான் அந்தப் படத்தை எடுத்துப் பிரஷாந்தியின் கையில் கொடுத்தாள். நல்லரத்தினம் அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

கோயில் சிலைக்குக் கடைசியாகத்தானே கண் திறப்பார்கள். பிரஷாந்தியும் அப்படியே செய்தாள். எல்லா முகங்களையும் கீறி முடித்து, கண்மணிகளை மட்டும் விட்டுவைத்தாள். அவரவர் வந்து அவரவர் கையால் வைக்க வேண்டும். எந்தப் பக்கம் பார்ப்பது என்பது அவரவர் இஷ்டம். சுவரில் இரத்தினம்மா தன் இடியப்பக் கடையைப் பார்த்தாள். மேசன் சிறில், கள்ளுக் கொட்டில் இருக்கும் பக்கத்தைப் பார்த்தார், அவருடைய மனைவி அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை. நல்லரத்தினம் தன் கண்களைச் செங்கலடி ரோட்டைப் பார்க்க வைத்தார்.

பக்கத்தில் தங்கேஸ்வரியின் கண்கள் வெள்ளையாகவே கிடந்தன. நீங்களே வைத்துவிடுங்கள் என்று பிரஷாந்தி தூரிகையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அவ வந்து வைப்பா புள்ள. அதுவரைக்கும் ஒருத்தரும் தொடப்படா."

அதற்குப் பிறகு சுவரடி நன்றாகத்தான் இருந்தது. உட்கார வாங்கு போட்டார்கள், வேப்பங்கன்று நட்டார்கள், பெண்கள் மூக்கைப் பொத்தாமல் பஸ்ஸுக்கு நின்றார்கள். தங்கேஸ்வரியின் முகத்துக்கு நேரே மட்டும் ஒருவரும் உட்காருவதில்லை. மணியில்லாத கண்களை எவ்வளவு நேரம் பார்ப்பது? நல்லரத்தினம் மட்டும் பின்னேரங்களில் வந்து, தோளில் கிடக்கிற துவாயால் அந்த முகத்தின் தூசியைத் துடைத்துவிட்டுப் போவார்.

மாரி முடிந்த ஒரு காலையில், அவர் மீன் கூடையோடு வாவியிலிருந்து ஏறி வந்தபோது தங்கேஸ்வரிக்குக் கண்கள் இருந்தன. கறுப்புப் பெயிண்ட் இன்னும் காயவில்லை. அவர் கூடையைப் போட்டுவிட்டு ஓடி, துவாயால் அழுத்தித் துடைத்தார். பெயிண்ட் கன்னமெல்லாம் இழுபட்டது. எந்த நாய் செய்த வேலை என்று கத்தினார். பஸ்ஸுக்கு நின்ற சனம் எல்லாம் வேப்பங்கன்றுப் பக்கம் பார்ப்பதைக் கண்டு அவரும் திரும்பினார். அங்கே வதனி நின்றாள். அவளுடைய விரல்கள் கறுப்பாக இருந்தன.

"நேத்து கொழும்பு ஏஜென்சியில இரிந்து போன் கோல் வந்தது அப்பா," என்றாள். "அம்மா போன வருசமே அங்க ஆசுப்பத்திரியில மோசம் போயிட்டாவாம். அங்கேயே தாட்டுட்டாங்களாம்."

நல்லரத்தினம் துவாயைப் பிடித்தபடி நின்றார்.

"அப்ப ஏன் புள்ள கண் வெச்ச?"

"உங்களிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல்ல அப்பா. கண்ணைக் கண்டா விளங்கும் எண்டுதான்."

அவர் சுவரடியிலேயே குந்திவிட்டார். செங்கலடி பஸ் வந்து நின்றது, ஆட்கள் இறங்கினார்கள், பஸ் போயிற்று. அவர் தலையை நிமிர்த்தவில்லை. அதைப் பார்த்துத்தான் வதனிக்கு அழுகை வெடித்தது. நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை.

கடையை அப்படியே போட்டுவிட்டு இரத்தினம்மா ஓடி வந்தாள். நல்லரத்தினம் அவளிடம், கொஞ்சம் சுண்ணாம்பு கரைத்துத் தரச் சொல்லிக் கேட்டார். உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தானே இந்தச் சுவர், இனி இவளுக்கு இதில் இடமில்லை என்றார். இரத்தினம்மாவின் மகன்கள் அந்தச் சுவரில் எங்கும் இல்லை. அவள் தன் முந்தானையை நனைத்து, தங்கேஸ்வரியின் கன்னத்தில் இழுபட்டிருந்த கறுப்பைத் துடைக்கத் தொடங்கினாள்.

"அவ இரிக்கட்டும் தம்பி," என்றாள்.

கன்னம் துப்புரவானதும் நல்லரத்தினம் எழும்பி, மகளிடம் தூரிகையைக் கேட்டார். வதனி கொடுத்தாள். தகப்பனைப் போலவே தாயையும் ரோட்டைப் பார்க்க வைத்ததாக, விக்கலுக்கிடையில் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

"இனி அவ ரோட்டைப் பாக்கத் தேவையில்ல. வந்து சேர்ந்திட்டா எண்டு வைப்பம்."

பெரிய வலையை ஒரு வீச்சில் விரிக்கிற கை, ஒரு கண்மணி வைப்பதற்குள் பலமுறை நின்றது. அவளுடைய கண்களை அவர் தங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கைப் பக்கம் பார்க்க வைத்தார். வதனி, உங்களுடைய கண்களையும் மாற்றிவிடுங்கள் அப்பா என்றாள். அவர் தூரிகையைத் தண்ணீரில் கழுவி அவளிடம் கொடுத்துவிட்டு, சிந்திக் கிடந்த மீன்களைப் பொறுக்கினார். சுவரில் அவர் இன்றைக்கும் செங்கலடி ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.