பிரிந்தவர்களின் கிறிஸ்துமஸ் பாட்டு

சூரமங்கலத்தில் கேசட் பதிவுசெய்து தரும் கடையில்தான் அவரை அடிக்கடி பார்ப்பேன். தோள்வரை முடி, எண்பதுகளிலும் விடாத பெல்பாட்டம். ராக் இசை ஒலித்தால் கண்ணை மூடிக்கொண்டு மேசையில் தாளம் போடுவார்.

பிரிந்துபோன வெளிநாட்டுக் குழு ஒன்று மறுபடி சேரப்போகிறதாம் என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன்.

"சேரக்கூடாதுங்க," என்றார். "அவங்க போட்ட சண்டைதானுங்க அந்தப் பாட்டு. சமாதானமாயிட்டா அப்புறம் என்னத்தப் பாடுவாங்க?"

அவரே ஒரு நண்பரோடு கிடார் வாசித்து, பேச்சு முறிந்து பிரிந்தவர் என்று கடைக்காரர் பிறகு சொன்னார்.

அந்த டிசம்பரில் ஒரு மாலை, பனியில் தெருவிளக்குகள் கரைந்து தெரிந்தன. தேவாலய வாசலில் இரண்டு கிடார்கள் ஒலித்தன. ஒன்று அவருடையது. மற்றதை வாசித்தவர் அந்த நண்பர்தான் என்றார் பக்கத்தில் நின்ற கடைக்காரர். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்தார். கால் தரையில் பாவாததுபோல நின்று கேட்டேன்.

முடிந்ததும், "சேந்துட்டீங்களா?" என்றேன்.

"இல்லீங்க. கிறிஸ்துமஸ் பாட்டு மாம்பழமாட்ட, சீசனுக்கு வரும், போயிரும். அதுக்கு யாரும் சேர வேண்டியதில்லீங்க."

நண்பர் அவருடைய கிடாரை வாங்கி, உறையிலிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஆளுக்கொரு திசையில் சைக்கிளை மிதித்தார்கள். வருடம் முழுக்க அவர்கள் டிசம்பருக்காகக் காத்திருந்தார்களோ என்று இன்றும் தோன்றுகிறது.