எண்ணி முடித்த யானைகள்

சின்ன வயதில் நான் காட்டிய கெட்டிக்காரத்தனங்களில் ஒன்றை மட்டும் இப்போது யாரிடமும் பீற்றிக்கொள்வதில்லை.

உம்மாவுக்கு ஒரே ஒரு சிநேகிதிதான். இலங்கையிலிருந்து அகதியாக வந்து மண்டபம் கேம்பில் இருந்தவர். பள்ளியில் உம்மாவோடு ஒரே பெஞ்சு. நான் அவரை 'கேம்ப் ஆன்ட்டி' என்பேன். அந்த வாரம் அவர் குடும்பத்தோடு ஊர் திரும்புவதாக இருந்தது. போவதற்குள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று உம்மா தவித்தாள். கேம்புக்குள் வெளியாட்களை எளிதில் விடமாட்டார்கள். எங்கள் வீட்டிலோ கூட்டம் குறையாது. இரண்டு பெண்கள் ஒரு பகல் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க ராமநாதபுரத்தில் வேறு எந்த இடம் இருக்கிறது, சொல்லுங்கள்? அரண்மனை ஓவியக்கூடத்துக்குப் போனோம். "புள்ளைக்குப் படம் காட்டப் போறேன்" என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

உள்ளே வெயிலே தெரியவில்லை. சுவரெல்லாம் சிவப்பும் நீலமுமாக ராஜா, ராணி, குதிரை, யானை. அவர்கள் இருவரும் எதையும் பார்க்கவில்லை. நேராக ஒரு தூணடிக்குப் போய்க் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் நடுவில் புகுந்தேன்.

"இங்கன எத்தனை யானை இருக்குன்னு எண்ணிட்டு வா புள்ள. சரியாச் சொன்னாத்தான் கிளம்புவோம்" என்றாள் உம்மா.

கிளம்பினால் ரோஸ்மில்க். ஓடிப்போய் எண்ணிவிட்டு வந்தேன். பதினாலு.

"இல்லை பிள்ளை, இன்னும் ஒண்டு ஒளிச்சிருக்கு. வடிவாப் பாருங்கோ" என்றார் ஆன்ட்டி, உம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

இந்த முறை மேலே இருப்பவற்றைப் பார்க்கத் தரையில் மல்லாந்து படுத்தேன். முதுகு ஜில்லென்றது. எங்கோ புறா முனகியது. பார்க்கப் பார்க்க யானைகள் மெல்ல நடக்கத் தொடங்கின, குடைகள் அசைந்தன. தூங்கினேனா, விழித்திருந்தேனா தெரியாது. தூரத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அதில் ஒன்று உம்மாவின் சிரிப்பு. வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

பதினாறு என்றேன். இன்னும் இருக்கிறது என்றார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த வாட்ச்மேனிடம் போய்க் கேட்டேன்.

"இருபது பாப்பா. நாள் பூரா இங்கனதானே கெடக்கேன், எனக்குத் தெரியாதா?"

கத்திக்கொண்டே ஓடிவந்தேன். "இருபது! வாட்ச்மேனே சொல்லிட்டாரு! கிளம்புவோம்!"

இருவர் பேச்சும் நின்றுபோனது. உம்மா எழவில்லை. சொன்ன சொல் என்ன ஆயிற்று என்று அவள் கையைப் பிடித்து இழுத்து, அழுது, கூடமே அதிரும்படி அடம்பிடித்தேன். வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

ஆன்ட்டிதான் முதலில் எழுந்தார். "ஓம் பிள்ளை, சரியாத்தான் சொல்லிப்போட்டீங்கள். கெட்டிக்காரி" என்று என் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

கேம்பில் ஆறு மணிக்குள் கையெழுத்துப் போட்டால் போதும். அவரை மண்டபம் பஸ்ஸில் ஏற்றிவிட்டபோது மணி மூன்றுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு அவரை நாங்கள் பார்க்கவே இல்லை.

உம்மா எனக்கு மட்டும் ரோஸ்மில்க் வாங்கினாள். பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உம்மா, இருபது சரிதானே?"

"சரிதான் புள்ள."

அன்று அவள் ஒரு யானையைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை என்பது எனக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று.