அடுப்பு எரியாத வீடு

மகேசு, என் தம்பி, உன்னைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நான் பேய் பிசாசை நம்பினவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கடலுக்குப் போனவன். காற்றுக்குப் பயந்திருக்கிறேன், வேறொன்றுக்கும் இல்லை. நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள், ஆனால் இது நடந்தது.

மயிலிட்டியிலிருந்து மணற்காட்டுக்கு, கடற்கரையில் வாடி போட்டுத் தங்கி மீன் பிடிக்கப் புறப்பட்டோம். வள்ளமும் வலையும் பெரியவர்களோடு கடலால் முன்னே போய்விட்டன, நானும் மகேசும் சட்டி பானையோடு ஒரே சைக்கிளில். அவனுக்கு அதுதான் முதல் வாடி. "இவனை இப்பிடியே கொண்டுவந்து என்ரை கையிலை தா" என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். வல்லை வெளியில் டயர் வெடித்தது, மழையும் பிடித்துக்கொண்டது, உருட்டிக்கொண்டு நெல்லியடிக்கு வந்து சேரப் பொழுது பட்டுவிட்டது, கடையெல்லாம் பூட்டு.

ஒரு வீட்டு வாசலில், கூரை போட்ட படலையடியில் ஒதுங்கினோம். வேட்டி கட்டிய ஒரு ஐயா வந்தார்.

"ஏன் தம்பி நனையிறாய்? உள்ளை வா."

வளவு மூலையிலிருந்த கொட்டிலைக் காட்டினார். மகேசுக்கு எப்போதும் வயிற்று யோசனைதான். "ஐயா, சாப்பிட ஏதும் கிடக்கோ?" என்றான்.

"இண்டைக்கு எங்கடை வீட்டிலை அடுப்பு எரியேல்லைத் தம்பி."

உள்ளே ஒரு பெண் அழுவது மழைக்குள்ளால் கேட்டது. "மனிசியோடை கொளுவலோ?" என்று மகேசு கண்ணடித்தான். ஐயாவும் சிரித்தார். புருசன் பெண்சாதி சண்டை, எங்களுக்கென்ன என்று சாக்கை விரித்துப் படுத்துவிட்டோம்.

விடியும்போது ஐயா கொட்டில் வாசலில் நின்றார். நான் பேசாமல் சைக்கிளை எடுத்தேன். மகேசுதான், "அப்ப போட்டு வாறன் ஐயா" என்றான்.

"ஓம், வா" என்றார்.

படலைக்குப் போகமுதல் ஒரு அக்கா கத்திக்கொண்டு குறுக்கே வந்தார். "ஆரடா நீங்கள்? உதுக்குள்ளை என்ன செய்தனியள்?"

"ஐயாதான் படுக்கச் சொன்னவர்" என்றேன்.

"எந்த ஐயா?"

அந்த அக்கா விலகிய பிறகுதான் விறாந்தை தெரிந்தது. தலைமாட்டில் குத்துவிளக்கு எரிந்தது. கிடத்தியிருந்தது அதே ஐயாவை. முதல்நாள் மத்தியானமே செத்துப்போனாராம், மழையால் சனம் வரவில்லையாம்.

செத்தவீட்டில் நாங்கள் அடுப்பு மூட்டுவதில்லை, போகும்போது 'போட்டு வாறன்', போய் வருகிறேன், என்று சொல்வதுமில்லை, ஒன்றும் சொல்லாமல் இறங்கிவிடுவோம். நம்பினால் நம்புங்கள், நான் சைக்கிளை வந்த பக்கமே திருப்பிப் பிடித்தேன். "மகேசு, வீட்டை திரும்புவமடா" என்று கெஞ்சினேன்.

"அண்ணைக்குப் பேய்ப்பயம் எண்டு மயிலிட்டி முழுக்கச் சொல்லுவன்" என்று சிரித்துக்கொண்டே நடந்தான்.

அந்த வாடியிலேயே, காற்றில்லாத ஒரு காலையில், இடுப்பளவு தண்ணீரில் வலை அலசிக்கொண்டு நின்றவன் இல்லாமல் போனான். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். உடம்பு இன்னும் கரைக்கு வரவில்லை. அம்மாவின் கையில் அவன் சட்டையைத்தான் கொடுத்தேன்.

இன்றைக்கும் என்னைக் குடைவது ஒன்றுதான். அந்த ஐயா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அன்றிரவு நான் இரண்டு தரம் கதை கொடுத்துப் பார்த்தேன், கேட்காதவர் மாதிரி மகேசின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போனாலும் சரி, மகேசு என்று பேர் சொல்லி ஒருக்கால் கும்பிடுங்கள். அவன் தனியே இருக்கமாட்டான், பயப்படுவான்.