கழுவி வந்த டிபன் பாக்ஸ்

போன வாரம் முழுக்க என் மகளின் டிபன் பாக்ஸை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள்... காரணம் இருக்கிறது.

நாங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிடுவோம். அதன் பிறகு வாயில் எதுவும் போடுவதில்லை. விழுப்புரத்தில் கல்லூரிக்குப் போகும் மகள் திண்டிவனம் வந்து இறங்குவதற்குள் இப்போதெல்லாம் இருட்டிவிடுகிறது. அதனால் மதியத்துக்கு ஒன்று, மாலையில் பஸ்ஸில் சாப்பிட ஒன்று என்று இரண்டு பாக்ஸ் கட்டிக் கொடுப்பேன்.

இரண்டாவது பாக்ஸ் தினமும் பளபளவென்று கழுவி வந்தது. குடித்த டம்ளரைக்கூட நகர்த்தாத பெண் — பாக்ஸைக் கழுவுவாளா? வியாழக்கிழமை மூடியின் ஓரத்தில் ஒரு மல்லிகை இதழ் வேறு!

"பஸ்ல சாப்ட்டியா?"

"ம்... சாப்ட்டேம்மா." முகத்தைப் பார்க்காமல் பதில்.

எவனோ பூ வாங்கிக் கொடுக்கிறான். இருட்டிய பிறகு ஹோட்டலில் எதையோ தின்கிறாள்... புத்தி எங்கெங்கோ போனது. கணவரிடம் சொன்னேன். "நீ போலீஸ் வேலைக்குப் போயிருக்கணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை மகளின் நம்பரிலிருந்து போன். பேசியது வேறு குரல். "யம்மா, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிறவ பேசறேன். உன் பொண்ணு மயங்கி வுழுந்துட்டா. ஜல்தி வா!"

ஷேர் ஆட்டோவில் போய்ச் சேர்வதற்குள் உயிர் போய் வந்தது. மகள் பூக்கூடைக்குப் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பூக்காரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா யம்மா நீ? தெனம் டிபனை என்கிட்ட குடுத்துட்டு வெறும் வயித்தோட வூட்டுக்குப் போவுது. கேட்டா, இருட்டிடுச்சி, சாப்ட மாட்டேங்குது. பாக்ஸைக் கழுவிக் கழுவி என் கைதான் தேயுது!"

"ஏண்டி, பஸ்லயே சாப்ட வேண்டியதுதானே?"

"கூட்டத்துல நின்னுக்கினு வர்றப்ப எப்படிம்மா தொறக்கறது? கூட்டேரிப்பட்டுலதான் சீட்டே கெடைக்குது. அதுக்குள்ள இருட்டிடுது."

"சொல்லித் தொலைக்கலாம் இல்ல?"

"சொன்னா காலேஜை நிறுத்திடுவ."

நிறுத்தியிருப்பேனா? மாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் துணிச்சல் வரவில்லை. வழக்கத்தை மீறுகிறாள் என்று நான் மோப்பம் பிடித்த பெண், அதைக் காப்பாற்றத்தான் பட்டினி கிடந்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் டியூப் லைட் வெளிச்சத்தில் தட்டு வைத்தேன். "சாப்பிடு."

"நீ மொதல்ல."

பிறந்ததிலிருந்து விளக்கு வைத்த பிறகு நான் சாப்பிட்டதில்லை. ஒரு இட்லியை எடுத்தேன்... விழுங்கினேன். அவள் நான்கு சாப்பிட்டாள். திங்கட்கிழமையும் அப்படித்தான்.

இரண்டு நாளும் அந்த நேரத்தில் கணவர் வீட்டில் இல்லை. மகள் மயங்கியதை அவரிடம் சொன்னேன். இட்லியைச் சொல்லவில்லை.

நேற்று சமையலறைக்குள் நுழைகிறேன் — மனிதர் கழுவி வைத்த என் தட்டை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்!