டி டிரைவில் இருந்த கல்யாணம்

பதினோரு ஆண்டுகள் செய்தித்தாள் மேசையில் உட்கார்ந்து பிறர் எழுதியதை வெட்டியவன், பிறர் எடுத்த கல்யாண வீடியோவை வெட்டப் போனதில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. என் மனைவியின் தம்பி காலடிப்பேட்டையில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். கேமரா அவனுடையது, கணினி என்னுடையது. இரண்டையும் ஒரு மாடியறையில் சேர்த்து வைத்தோம். மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து காற்றடிக்கும் நாட்களில் ஜன்னலைச் சாத்தத் தோன்றும். சாத்தினால் கணினி சூடேறி நின்றுவிடும். அதனால் நாற்றத்தோடுதான் வேலை.

எங்கள் கணினியில் இருந்தது விண்டோஸ் தொண்ணூற்றெட்டு. எக்ஸ்பி வந்து எல்லாக் கடைகளிலும் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்பதில் எனக்கும் மச்சானுக்கும் இரண்டு மாதமாகச் சண்டை. பழைய அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்கும் நண்பரிடம் யோசனை கேட்டேன். "மேக் வாங்கு, மத்ததெல்லாம் பொம்மை" என்றார். அதில் நாங்கள் வைத்திருக்கும் தமிழ் எழுத்து மென்பொருள் ஓடுமா என்று கேட்டேன். "கல்யாண வீடியோவுக்குத் தமிழ் எதுக்குப்பா?" என்றார். அவர் வடசென்னைக்கு வந்ததே இல்லை.

எக்ஸ்பி வேண்டும் என்ற என் தரப்பு எளிது. தொண்ணூற்றெட்டில் ஒரு கோப்பு நாலு ஜிபிக்கு மேல் வளராது. அதாவது பத்தொன்பது நிமிட வீடியோ. அதற்கு மேல் போனால் அதுவே துண்டாகிவிடும். மாதா கோயிலில் சாமியார் ஒரு பிரசங்கம் செய்தால் எங்களிடம் இரண்டு பிரசங்கங்கள் இருக்கும். மச்சான் தரப்பும் எளிதுதான். தமிழில் டைட்டில் போடும் மென்பொருளுக்கு ஒரு பூட்டு உண்டு. பிரிண்டர் சொருகும் இடத்தில் மாட்டும் கட்டைவிரல் அளவுப் பெட்டி. அது எக்ஸ்பியில் வேலை செய்யாது என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். யாரோ சொன்னதை நான் நம்புவதில்லை. செய்தித்தாளில் வந்த பழக்கம்.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் ராயபுரத்து மாப்பிள்ளை வந்தான். சரக்குக் கப்பலில் இன்ஜின் அறை வேலை. மச்சான் வீடியோ எடுத்த அவன் கல்யாணம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. வரும் சனிக்கிழமை கப்பல் ஏற வேண்டும், திரும்பி வர ஒன்பது மாதம் ஆகும். அதற்குள் கல்யாண சிடி கையில் இருக்க வேண்டும் என்றான். கூடவே ஒரு தாளை நீட்டினான். பால்பாயிண்ட் பேனாவில் நாற்பத்து மூன்று பெயர்கள். பெயருக்கு முன்னால் பட்டப்பெயர், பின்னால் தெரு. 'கிரேன்' என்று தொடங்குபவை மட்டும் மூன்று. வீடியோ தொடங்கியதும் 'அன்புடன் வரவேற்கும் நண்பர்கள்' என்று இவை அத்தனையும் ஓட வேண்டும். அந்தப் பக்கத்தில் இது இல்லாமல் கல்யாண வீடியோ கிடையாது.

"ஒரு பேரு உட்டாலும் நான் காலி சார்" என்றான். "ஒம்பது மாசம் கழிச்சி வந்து எவன் மூஞ்சில முழிக்கறது?"

"அதெல்லாம் தமிழ்ல சூப்பரா போட்டுடலாம் நைனா, நீ போய் பொட்டி கட்டு" என்றான் மச்சான்.

திங்கட்கிழமை நான் எக்ஸ்பி போட முடிவு செய்தேன். கல்யாணம் முழுவதும் டி டிரைவில் எட்டுத் துண்டாகக் கிடந்தது. அதை ஒட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. கணினி அசெம்பிள் செய்து கொடுத்தவர் மார்க்கரில் பெயர் எழுதிய சிடிகளோடு வந்தார். சி டிரைவைத் துடைத்து எக்ஸ்பி போட்டார். பிறகு, "டி-யையும் புது முறைக்கு மாத்திடறேன் சார், ஃபைல் எவ்ளோ பெருசானாலும் தாங்கும், உள்ள இருக்கறது அப்படியே இருக்கும்" என்றார். மாற்றினார். அவர் சொன்னபடியே அத்தனையும் இருந்தது. செவ்வாய் மாலை வரை நான் திருப்தியாக இருந்தேன். அந்த ஆண்டில் எனக்கு அப்படி வாய்த்த நாட்கள் குறைவு.

மாலையில் மச்சான் பூட்டை மாட்டினான். மென்பொருள் திறக்கவில்லை. கழற்றி ஊதி மாட்டினான். சட்டையில் துடைத்து மாட்டினான்.

"இன்னா மாமா, பேப்பர்காரரே, இப்ப நம்பறியா?"

நம்பினேன். புதன்கிழமை அசெம்பிளரை மறுபடி அழைத்துத் தொண்ணூற்றெட்டுக்கே திரும்பச் சொன்னேன். அவர் ஒரு நாளைக்குப் பத்துக் கணினி பார்ப்பவர், எதையும் கேட்பதில்லை. சி டிரைவைத் துடைத்துப் பழையதைப் போட்டார். தமிழ் மென்பொருள் திறந்தது. டி டிரைவைக் காணோம்.

கறுப்புத் திரையில் ஏதோ தட்டிப் பார்த்தார். "டிஸ்க் இருக்கு சார், உள்ள ஏதோ தெரியாத பார்ட்டிஷனா காட்டுது. அழிச்சிட்டுப் புதுசா போட்டா வந்துடும்."

"வரும். கல்யாணம்?"

"டேப் இருக்கும்ல சார்?"

நான் மச்சானைப் பார்த்தேன். அவன் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதுகுத்து ஒன்று திடீரென்று வந்ததாம். கணினியில்தான் ஏற்றியாகிவிட்டதே என்று அதே டேப்புகளை எடுத்துக்கொண்டு போய்விட்டானாம். அந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு டேப்பில் நாலு குடும்பம் வாழ்ந்துவிட்டுப் போகும்.

"மூணு டேப்பு மேலயும் எட்த்துட்டேன் மாமா" என்றான். "ஒரே பேஜாராப் பூட்ச்சி."

அசெம்பிளரின் விரல் விசைமேல் இருந்தது. அவர் கையைப் பிடித்து மடியில் வைத்தேன். டி-யை மாற்றியது அவர்தான், திங்கட்கிழமை, இதே நாற்காலியில் உட்கார்ந்து. புதிய முறைக்கு மாற்றியதைப் பழைய விண்டோஸ் படிக்காது என்று எனக்கும் அந்த நிமிடம் வரை தெரியாது. ஆனால் இரண்டு நாளைக்கு முன் இருந்த ஒன்று இன்று தெரியவில்லை என்றால் நடுவில் யார் கை வைத்தது என்று பார்க்க வேண்டும். அதற்குக் கணினி படித்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாம் முறையாக சி டிரைவைத் துடைத்து எக்ஸ்பி ஏறியது. டி திரும்பி வந்தது. எட்டுத் துண்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். மணப்பெண் இருந்தாள், சாமியார் இருந்தார்.

சிடிகளைப் பையில் போட்டபடி அசெம்பிளர் சொன்னார்: "ரெண்டையும் ஒண்ணாவே போட்டிருக்கலாம் சார். தமிழ் எழுத அதுல போய்க்கலாம், எடிட் பண்ண இதுக்கு வந்துக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல. இப்ப வேணாலும் சி-யத் தொடச்சிட்டு..."

இனி இந்தக் கணினியில் யாரும் எதையும் துடைக்கக் கூடாது என்றேன். அது தவறான முடிவு. இன்னொரு மூன்று மணி நேரத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். ஆனால் எனக்குத் துடைப்பது என்ற சொல்லையே கேட்க முடியவில்லை. "மாமாக்கு கோவம் வந்தா கம்ப்யூட்டருக்கே தடா" என்றான் மச்சான், அசெம்பிளரை வழியனுப்பும்போது, எனக்குக் கேட்கும்படி.

வியாழக்கிழமை படத்தை ஒட்டி முடித்தேன். வெள்ளி காலை மாப்பிள்ளை வந்தான். தமிழில் டைட்டில் வராது, ஆங்கிலத்தில் போடலாம் என்று சொன்னேன்.

"இங்கிலீஷுலயா? அவனுங்க பேரு அவனுங்களுக்கே பட்ச்சிக்கத் தெரியாது சார்." தாளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டான்: "எங்க தெரு முனைல இவனுங்க பேரு போட்டுப் பேனர் கட்னது அப்டியே கீது. அத்த வீடியோ எடுத்துப் போட்டுட்டா?"

எழுத்துருவும் வேண்டாம், பூட்டும் வேண்டாம். இரண்டு மாதச் சண்டையில் எங்கள் இருவருக்கும் தோன்றாதது. கேமராவோடு ராயபுரம் போனோம். சந்து முனையில் பேனர் காற்றில் உப்பிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் கீழ் முனைகளை இழுத்துப் பிடிக்க, மச்சான் மேலிருந்து கீழாக மெல்ல எடுத்தான். பழக்க தோஷத்தில் நான் தாளை வைத்து ஒப்பிட்டேன். பேனரில் நாற்பத்தொன்று.

மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவனுக்கு அது புதிய செய்தி இல்லை. மீதி இரண்டை இங்கே வந்து எப்படியாவது சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தான். அச்சடிக்கும்போது இரண்டு பெயர்கள் விட்டுப்போயிருந்தன. இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்து கூட இருப்பவர்கள். பேனரைப் பார்த்த கோபத்தில் சாப்பிடாமலே மண்டபத்திலிருந்து போயிருக்கிறார்கள். வீடியோவில் போடுகிறேன் என்று இவன் அவர்கள் வீட்டுக்கே போய்ச் சத்தியம் செய்திருந்தான். தாளில் எழுதிக் கொடுத்தது அந்த இருவருக்காகத்தான். மற்ற நாற்பத்தொன்றும் துணைக்கு.

"இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்றான் மச்சான்.

"ரெண்டு பேருக்கு மட்டும் போட்டா, மத்தவன் சும்மா இருப்பானா?"

பேனரில் கையால் எழுதலாம் என்றான் ஒருவன். அசிங்கமாகத் தெரியும் என்றேன். கடைசியில் மாப்பிள்ளையே போய் இருவரையும் அழைத்துவந்தான். ஒருவர் துறைமுகத்து ஷிஃப்டுக்குக் கிளம்பியிருந்தவர், காக்கிச் சட்டையிலேயே வந்தார். பேனருக்குக் கீழே நிறுத்தினோம். பெயர்கள் ஓடி முடிந்ததும் கேமரா இறங்கி அவர்கள் முகத்தில் நிற்க வேண்டும். இருவரும் பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல விறைத்து நின்றார்கள். சிரிக்கச் சொன்னேன். சிரிக்கவில்லை.

பேனர் முனையைப் பிடித்திருந்தவன்தான் முதலில் கேட்டான். "இன்னாடா இது, எங்களுக்குப் பேரு, அவனுங்களுக்கு மூஞ்சா?"

"உனுக்கு அப்பால எடுக்கறேன் மாமு, கம்முனு முனைய புடி" என்றான் மச்சான், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல்.

அன்று மாலை மாடியறையில் சிடி பதிந்து வெளியே வந்ததும் ஒருமுறை போட்டுக் காட்டினேன். மாப்பிள்ளை பேனர் கடந்து அந்த இரண்டு முகங்கள் வரும் வரை பார்த்தான். பின்னால் ஓட்டச் சொல்லி மறுபடி பார்த்தான். தாலி கட்டும் இடத்துக்குப் போகட்டுமா என்று கேட்டேன்.

"அத்த ஷிப்புல பாத்துக்கறேன் சார்" என்று சிடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினான்.