இரண்டு கட்சிக்கும் ஒரே நாற்காலி

கோதண்டத்தின் சலூனில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. ராயபுரத்தில் கல்மண்டபத்தைத் தாண்டி, கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே ஓடுகிற ஒரு சந்தில் கடை. கிழக்கே போனால் துறைமுகத்தில் வேலை செய்கிறவர்களின் வீடுகள். மேற்கே போனால் கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டை நம்பிப் பிழைக்கிறவர்களின் வீடுகள். அந்த நாற்காலியில் சாய்கிற தலைகளில் பாதி கிழக்கு, பாதி மேற்கு. இதில் எந்தப் பாதி நின்றுபோனாலும் வீட்டில் அடுப்பு ஒரு வேளைதான் எரியும் என்பது கோதண்டத்துக்கும் தெரியும், அவர் மனைவி நீலாவுக்கும் தெரியும்.

அதனால்தானோ என்னவோ, கோதண்டம் யாரையும் மறுத்துப் பேசியதில்லை. இல்லை, ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறார். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை முடிச்சோடு ஓடிக்கொண்டிருந்த வருஷம் அது. ஓடாமல் தங்கிய ஒரு அரிசி மண்டிக்காரர், முகத்தில் சோப்பு நுரையோடு, "கப்பல்ல கெளம்பிட்டானாம்யா" என்றார். கோதண்டம் சும்மா இருக்காமல், "அதெல்லாம் வர மாட்டான்" என்றார். "யாரு சொன்னது?" என்று மண்டிக்காரர் வெடுக்கென்று திரும்பினார். காது மடல் கத்தியில் பட்டுவிட்டது. ரத்தத்தைப் பார்த்துத் தெருவே கூடியது. படிகாரத்தைத் தேய்த்து ரத்தத்தை நிறுத்துவதற்குள் கோதண்டத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மறுத்தால் தலை திரும்பும் என்பதை அன்று அவர் மனசில் எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு நாற்காலியில் யார் உட்கார்ந்து என்ன சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான்: "ஆமா நைனா."

ஜப்பான் சண்டை முடிந்து, சுதந்திரம் வந்து, ரேஷன் அரிசி வந்து, மதுவிலக்கும் வந்தது. எல்லாவற்றுக்கும் அந்த ஒரு ஆமா போதுமாயிருந்தது. பேஜார் வந்தது கால்பந்தால்.

கோதண்டத்துக்குக் கால்பந்து தெரியாது. ஒரு ஆட்டம்கூட முழுசாகப் பார்த்ததில்லை. ஆனால் கடையில் அந்தப் பேச்சுத்தான். கிழக்கே நாலைந்து கிளப்புகள் தங்களுக்குள் ஆடிக்கொண்டன, மேற்கேயும் அப்படியே. கிழக்குப் பக்கத்தில் முதலாக வந்தது பீச் கிளப். மேற்கில் முதலாக வந்தது கூட்ஸ் ஷெட் கிளப். பட்டணம் முழுதும் சேர்ந்து ஆடுகிற பெரிய போட்டிக்கு இந்த வட்டாரத்திலிருந்து ஒரே கிளப்தான் போகலாம். இரண்டையும் மோதவிட்டு ஜெயித்ததை அனுப்பலாமே என்றால் அதற்கும் வழியில்லை. போன வருஷம் மோதவிட்டபோது கோல் கம்பத்தைப் பிடுங்கி அடித்துக்கொண்டார்கள். இனி இந்த இரண்டு கிளப்பும் ஒரே மைதானத்தில் நிற்கக்கூடாது என்று போலீசில் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே பேசித்தான் முடிவு செய்யவேண்டும். பேச்சு முழுக்க அந்த நாற்காலியில் நடந்தது.

காலையில் கமாலுதீன் வருவார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். பீச் கிளப்புக்கு எல்லாமே அவர்தான். தாடியை ஒதுக்கிவிட்டுக் கழுத்தை மழிக்கும்போதே ஆரம்பிப்பார்.

"நீயே சொல்லு கோதண்டம். எங்க பசங்க ஒரு மேட்சு தோத்தானுங்களா? ஒண்ணு? அவனுங்க தோத்தானுங்க. தோத்தவன் ஒஸ்தியா, தோக்காதவன் ஒஸ்தியா?"

"ஆமா பாய். தோக்காதவன்தான்."

அவர் போன கொஞ்ச நேரத்தில் தண்டபாணி வருவார். கூட்ஸ் ஷெட்டில் மூட்டைகளைச் சரிபார்க்கிற வேலை. அந்தக் கிளப்பின் குரல் அவர்.

"தோக்கலையாம்! யாரோட ஆடினான்? எலும்பும் தோலுமா நாலு பசங்களோட. நம்ப ஆளுங்க பூட்ஸ் போட்ட மில்லுக்காரனோட வெறுங்கால்ல ஆடி, ஒரே ஒரு கோல்ல தோத்தானுங்க. அதுவும் இல்லாம, மீன்காரப் பசங்க கிளப்பு அன்னிக்கு வரவே இல்லை. வலை போடப் பூட்டானுங்க. இவனுங்க மைதானத்துல நின்னுகினு, ஜெயிச்சோம்னு எழுதிகினானுங்க. அது ஒரு ஜெயிப்பா வாத்தியாரே?"

"ஆமா நைனா. அது இன்னா ஜெயிப்பு!"

சொல்லும்போது கோதண்டம் பொய் சொல்லவில்லை. கமாலுதீன் பேசும்போது அது சரியாகத்தான் பட்டது. தண்டபாணி பேசும்போது இதுவும் சரியாகத்தான் பட்டது. தலை மாறினால் நியாயமும் மாறியது.

இப்படியே போயிருந்தால் ஒன்றும் இல்லை. அந்தப் பெரிய போட்டியின் கோப்பைக்குப் பணம் போடுகிற மரவாடிக்காரர் ஆறுமுகநயினார், இரு கட்சியையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். "கட்சிக்கு ஒருத்தர். மூணாவதா ஒரு பொது ஆளு. மூணு பேரும் கூடி ஒரு பேரைச் சொல்லுங்க. அதுக்கு மேல நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்" என்றார்.

பொது ஆள் யார் என்றதும் கமாலுதீன், "சலூன் கோதண்டம்" என்றார். உடனே தண்டபாணியும், "கோதண்டமா? எனக்கும் சம்மதம்" என்றார். இத்தனை நாளில் இரண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான் என்று நயினார் சிரித்தார். ஒவ்வொருவரும் மனசுக்குள், கோதண்டம் நம்ம ஆள், அந்த முட்டாளுக்குத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தது நயினாருக்குத் தெரியாது.

சேதி வந்தபோது கோதண்டம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். தோல் பட்டையில் கை அப்படியே நின்றது.

ராத்திரி சாப்பாட்டில் கை போகவில்லை. நீலா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாய்யா, கொழம்பு நல்லால்லியா?"

"ஆமா" என்றார்.

"இன்னாது?"

"இல்ல, நல்லாத்தான் கீது. ஒண்ணு கேக்கறேன், சொல்லு. ஒருத்தி பத்துப் பேருக்கு ஆக்கறா. ஒரு நாளு கொழம்பு தீஞ்சுபோச்சு. இன்னொருத்தி ரெண்டு பேருக்கு ஆக்கறா. ஒரு நாளும் தீயலை. யாரு கைகாரி?"

நீலா கரண்டியை வைத்துவிட்டு யோசித்தாள். "யாரு வூட்டுல ஈர வெறகு?"

"வெறகைப் பத்தி யாரு கேட்டா?"

"வெறகு தெரியாம எப்படிச் சொல்றது? ஈர வெறகுல ரெண்டு பேருக்கு ஆக்கினாலும் கண்ணுல தண்ணி வந்துடும். அப்புறம், பத்துப் பேருல கொழந்தைங்க எத்தினி? மாமியார் கீறாளா?"

"உன்னாண்ட கேட்டேன் பாரு" என்று கை கழுவ எழுந்தார் கோதண்டம். இருந்த குழப்பத்தில் ஈர விறகும் ஒரு மாமியாரும் சேர்ந்துகொண்டார்கள்.

முற்றத்தில் நீலாவின் குரல் பின்னாலேயே வந்தது. "யாருக்குச் சொல்லப்போறே?"

"தெரியலை."

"யாருக்குச் சொன்னாலும் பாதிப் பேரு வர மாட்டான்."

"அது தெரியும்."

"அப்போ ஒடம்பு சரியில்லைன்னு படுத்துக்க."

அது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. ஆனால் படுத்துக்கொண்டால் இரண்டு பாதியும் வந்து பார்க்கும், பழம் வாங்கிக்கொண்டு.

செவ்வாய்க்கிழமை சலூன் கிடையாது. ஆட்டத்தை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிடலாம் என்று கோதண்டம் ரயில் பாதையோரப் பொட்டலுக்குப் போனார். கூட்ஸ் ஷெட் பையன்கள் ஆடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். தண்டபாணி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே புழுதி. முகங்கள் ஒன்றும் பிடிபடவில்லை. அவர் அத்தனை பேரையும் பின்னந்தலையாகத்தான் அறிவார். ஒருத்தன் பந்தோடு அவரைத் தாண்டி ஓடியபோது உச்சியில் இரட்டைச் சுழி தெரிந்தது. உடனே அடையாளம் வந்துவிட்டது. பந்து போய்க் கம்பங்களுக்கு நடுவே விழுந்தது. எல்லோரும் கத்தினார்கள்.

"தண்டபாணி, அந்த ரெட்டைச் சுழி காசிமேட்டுப் பையனாச்சே? அவங்கப்பன் கட்டுமரத்துல போறவன்."

"அதுக்கு இன்னா? பையன் நம்ப ஷெட்டுல மூட்டை தூக்கறான். நம்ப ஆளு."

"அப்போ கமாலு பாய் கிளப்பு கோல்கீப்பரு? அவன் வூடு கொருக்குப்பேட்டைல இல்ல?"

"அவன் துரோகி" என்றார் தண்டபாணி.

கோதண்டம் தலையைச் சொறிந்துகொண்டார். கடற்கரைப் பையன் கோல் போட்டால் ரயில்காரர்கள் குதிக்கிறார்கள். ரயில் பக்கத்துப் பையன் பந்தைப் பிடித்தால் கடற்கரைக்காரர்கள் குதிப்பார்கள். எந்தப் பக்கம் எது என்று இதுநாள் வரை தெரிந்த மாதிரி இருந்ததும் இப்போது போயிற்று. புழுதியைத் தட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மரவாடியில் கூடினார்கள். அறுத்த தேக்கின் வாசனை. நயினார் நாற்காலியில், மற்ற மூவரும் மரத்துண்டுகளின் மேல். வெளியே தெருவில் இரண்டு கட்சியும் எதிரெதிர்ச் சுவர்களில் சாய்ந்து நின்றிருந்தன. கமாலுதீன் உள்ளே வரும்போதே கோதண்டத்தின் முழங்கையை லேசாக அழுத்தினார். தண்டபாணி கண்ணைச் சிமிட்டினார்.

"பீச் கிளப்" என்றார் கமாலுதீன்.

"கூட்ஸ் ஷெட்" என்றார் தண்டபாணி.

நயினார் திரும்பினார். "நீ சொல்லுப்பா."

கோதண்டம் சுற்றிப் பார்த்தார். இங்கே சலூன் நாற்காலி இல்லை, கையில் கத்தி இல்லை, எதிரில் சோப்பு நுரை பூசிய முகம் இல்லை. ஆமா என்று சொல்ல யாரும் எதையும் கேட்கவும் இல்லை. வேறு வழி தெரியாமல் தனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னார்.

"ஐயா, நான் கத்தியைத் தீட்டி வெச்சிகினு குந்திகினு கீறேன். வர்றேன்னு சொன்ன ஆளு வரலை. சாயங்காலம் வூட்டுக்குப் போயி, இன்னிக்கு ஒருத்தரை மழிச்சேன்னு சொல்ல முடியுமா? மீன்காரப் பசங்க வராத மேட்சு அப்படித்தான் எனக்குப் படுது."

தண்டபாணி தொடையில் தட்டினார். கமாலுதீனின் முகம் சிவந்தது.

"நல்லாக் கீதேப்பா! ஆளு வரலைன்னா ஒன் கத்தி மொண்ணைன்னு ஆயிடுமா? அவன் வராததுக்கு நானா பொறுப்பு?"

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. கோதண்டத்தின் வாய் தானாகத் திறந்தது. "ஆமா பாய்."

"ஆமாவா?" நயினார் முன்னால் குனிந்தார். "அப்போ எது?"

மரத்தூள் பறந்துகொண்டிருந்தது. கோதண்டம் இரண்டு பேரையும் பார்த்தார். இரண்டு பேரும் முதல் தடவையாக அவர் என்ன சொல்லப்போகிறார் என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவரு சொல்றதுக்கும் ஆமாதான், இவரு சொல்றதுக்கும் ஆமாதான். ஆனா பேரு ஒண்ணுதான சொல்லணும்? கூட்ஸ் ஷெட்" என்றார்.

கமாலுதீன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எத்தினி வருசமா ஒன் கையில கழுத்தைக் குடுத்திருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளிலிருந்து கிழக்குத் தலைகள் வரவில்லை. காலை முழுக்க நாற்காலி காலியாகக் கிடந்தது. நீலா பயந்த மாதிரியே அடுப்பு ஒரு வேளைதான் எரிந்தது. அவள் சொல்லிக்காட்டவில்லை, அதுவே பெரிசு. மேற்கிலிருந்து வந்தவர்களாவது சந்தோஷமாக இருந்தார்களா என்றால் அதுவும் இல்லை. "அவன் சொல்றதுக்கும் ஆமான்னியாமே? இன்னா நெனைப்புல சொன்னே?" என்று தண்டபாணியே துருவினார். ஜெயிக்கவைத்தும் சந்தேகம். கோதண்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

பெரிய போட்டியில் கூட்ஸ் ஷெட் முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியது. மழையில் வெறுங்கால் வழுக்கிவிட்டதாம். கிழக்குப் பக்கத்தில் அன்று பட்டாசு வெடித்தார்கள்.

அதற்கு அடுத்த வாரம், வெயில் ஏறாத நேரத்தில், கமாலுதீன் வந்து நின்றார். தாடி ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது; கழுத்தில் காய்ந்த கீறல் இரண்டு. வேறே எங்கேயோ போயிருக்கிறார். நாற்காலியில் சாய்ந்தார். கோதண்டம் துணியைக் கட்டி நுரை பூசினார்.

கத்தி கழுத்தில் இறங்கியதும் பேச்சு ஆரம்பித்தது. உதடு அசையாமல் பேசுவது கமாலுதீனுக்குக் கைவந்த விஷயம்.

"மொத ஆட்டத்துலயே தோத்தானுங்க, பாத்தியா? எங்களை அனுப்பியிருந்தா இப்படி ஆயிருக்குமா? நீ சொன்னது தப்புத்தானே? சொல்லு."

வாயில் அந்தச் சொல் வந்துவிட்டது. ஆமா பாய். அதைச் சொன்னால் போதும். நாளைக்குக் கிழக்கே இருந்து அத்தனை தலையும் வரும், அடுப்பு இரண்டு வேளையும் எரியும். தப்பாகவும் இருக்கலாம், யார் கண்டது? அவர்கள் போயிருந்தால் ஜெயித்திருப்பார்களோ, இன்னும் மோசமாகத் தோற்றிருப்பார்களோ. ஆடாத ஆட்டத்தை வைத்து எதைச் சொல்வது? அன்றைக்கும் அதைத்தானே சொன்னார்?

கோதண்டம் கத்தியைக் கழுத்திலிருந்து எடுத்தார். ஒரு விரல் தூரம் அல்ல, ஒரு சாண் தூரம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். மண்டிக்காரரின் காது கண்ணில் வந்து போனது.

"இல்ல பாய்" என்றார்.

தலை திரும்பவில்லை. கமாலுதீன் கூரையின் ஓட்டையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நுரை மட்டும் மூச்சுக்கு ஏறி இறங்கியது. ஏற்றுக்கொண்டாரா, கோபமா, காதில் விழவே இல்லையா என்று கோதண்டத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. கையை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நொர காயுது பாரு" என்றார் கமாலுதீன் கடைசியில். "மழி."