வக்கீலிடம் பேச ஒரு குரல்

திருவொற்றியூர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த அக்கா, ஆலை இரைச்சலில் கத்தியே பேசிப் பழகியவர். விவாகரத்துக்காக அன்றுதான் முதன்முதலாக வக்கீலைப் பார்க்கப் போகிறார். கத்தினால் தப்பு தன்மேல்தான் என்று வக்கீல் நினைத்துவிடுவாரோ என்று பயம். உடனே நான் வக்கீலானேன், ஒத்திகை தொடங்கியது.

"எதுக்கும்மா விவாகரத்து?"

"தெனம் அடிக்கிறாரு சார்" என்று மெல்ல ஆரம்பித்தவர், "நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று முடித்தபோது பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"இன்னொரு தபா கேளு கண்ணு."

"உங்க குரல்லயே பேசுங்கக்கா."

"அந்தக் கொரலுக்குத்தானே அடி வாங்கிகினு கீறேன்" என்றார். இந்த முறை மெதுவாகவே வந்தது.

பாரிமுனையில் இறங்கியதும், "கோர்ட்டு எந்தப் பக்கம் நைனா?" என்று போலீஸ்காரரிடம் அவர் கேட்டது, நகர்ந்துவிட்ட பஸ்ஸுக்குள்ளும் கேட்டது. வக்கீலிடமும் அந்தக் குரலில்தான் பேசியிருக்க வேண்டும் என்று இன்றும் ஆசைப்படுகிறேன்.